சிப்போரா அக்கா விளக்கு வைக்கும்வரை

போடியில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் தெருவில், வெள்ளிக்கிழமை மட்டும் சூரியன் சிப்போரா அக்கா விளக்கு வைத்த பிறகுதான் மறையும். மற்ற நாட்களில் அது ஊருக்கெல்லாம் பொதுவான சூரியன், ஆடுகள் பட்டிக்குத் திரும்புகிற நேரத்தில் குரங்கணிப் பக்கமாகச் சரிந்து யாரிடமும் சொல்லாமல் போய்விடும். வெள்ளிக்கிழமையானால் மலை முகட்டுக்கு வந்ததும், பந்தியில் இடம் காலியாகக் காத்திருப்பவனைப் போல ஓரமாக நின்று, அக்கா வீட்டுக் கூடத்தில் தொங்கும் கண்ணாடி விளக்கில் திரி எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அக்காவும் அவள் கணவர் எலியாகு சாரும் கொச்சியிலிருந்து வந்தவர்கள். சார் ஏலக்காய்க் கம்பெனி ஒன்றுக்குக் கொள்முதல் செய்பவர். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறினால், தோட்டம் தோட்டமாகப் போய்க் காயை உடைத்து மோந்து பார்த்து, கடித்துப் பார்த்து, விலை பேசி, வெள்ளிக்கிழமை பிற்பகல் பஸ்ஸில் சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்க இறங்கி வருவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் குடிவந்த அன்று எதிர்வீட்டு ஒச்சம்மாள் ஒரு குடம் தண்ணீரோடு போய், தண்ணீரைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"நீங்க என்ன ஆளுங்க?"

"யூதர்."

"அது எங்கிட்டு இருக்கு?"

"கொச்சியில."

"அப்ப கேரளாக்காரங்கன்னு சொல்லுங்க," என்று ஒச்சம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். அது வெள்ளியன்று சூரியன் மறையும்போது தொடங்கி, சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்போது முடியும். அதற்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, ஸ்விட்ச் போடக் கூடாது, தைக்கக் கூடாது, வாங்கவும் கூடாது விற்கவும் கூடாது. ஆகவே சமைக்க வேண்டியதைச் சமைத்து, கழுவ வேண்டியதைக் கழுவி, எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை பொழுதுக்குள் முடித்துவிட வேண்டும். இதையெல்லாம் அக்கா ஒச்சம்மாளுக்கு விளக்கமாகச் சொன்னாள்.

"ஒரு பொழுது விரதமா?"

"விரதமில்ல ஒச்சம்மா. நல்லாச் சாப்பிடணும், நல்ல துணி உடுத்தணும், சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்குறதுக்கா இம்புட்டு வேல?" என்றாள் ஒச்சம்மாள்.

வேலை உண்மையிலேயே நிறைய இருந்தது. மாவு பிசைந்து, அது பொங்கும்வரை துணி மூடி வைத்து, இரண்டு ரொட்டிகளைப் பானைக்குள் வைத்து மூடிமேல் கங்கு போட்டுச் சுட வேண்டும். உலர்திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டி, சார் கையில் பிடித்து மந்திரம் சொல்கிற கிண்ணத்துக்குச் சாறு எடுக்க வேண்டும். மீனைச் செதில் சீவிக் குழம்பு வைக்க வேண்டும். சனிக்கிழமைச் சோற்றை முட்டையோடு பானையில் ஏற்றி, மூடியைச் சுற்றி மாவை அப்பி, மறுநாள் மத்தியானம்வரை சூடு போகாதபடி தணலில் உட்காரவைக்க வேண்டும். கூடத்தைக் கழுவி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, விளக்குக் கண்ணாடியில் பாதி தண்ணீரும் மேலே தேங்காய் எண்ணெயும் விட்டுத் திரி போட்டு, தானும் குளித்துவிட்டு வந்து நிற்க வேண்டும். அந்த முதல் வெள்ளிக்கிழமையில், சாமான் ஏற்றி வந்த லாரி மலைப்பாதையில் பஞ்சராகிப் பாத்திரங்களெல்லாம் தாமதமாக வந்து சேர்ந்ததால், மாவு பொங்குவதற்குள் சூரியன் முகட்டைத் தொட்டுவிட்டது. அக்கா கையில் மாவோடு கொல்லைப் பக்கம் வந்து, மலையைப் பார்த்து, அவசரமோ அதட்டலோ இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"கொஞ்சம் நில்லு. மீன் வேகட்டும்."

சூரியன் நின்றது.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். "என்னக்கா, சொன்னதும் நிக்குது?"

"எங்க ஊர்ல கல்யாணமான நாள்லேர்ந்து ஒவ்வொரு வெள்ளியும் சொல்லியிருக்கேன். ஒரு தடவகூடக் கேட்டதில்ல. அங்க கடல்ல விழுற சூரியன், அதுக்கு அவசரம். உங்க ஊருச் சூரியன் நல்ல மாதிரி, கேட்டோ."

ஒச்சம்மாளுக்கு அதில் ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையைத்தான் அன்றைக்கே அவள் தெரு முழுவதற்கும் கொண்டுபோனாள். அதனால், வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் ஊர் மாம்பழத்தை மெச்சினால் எப்படித் தலையாட்டிக் கேட்டுக்கொள்வோமோ அப்படித்தான் நாங்கள் இதைக் கேட்டுக்கொண்டோம். வியப்பதற்கு முன்னாலேயே பழகிவிட்டது.

வெளிச்சம் நின்றது எங்கள் தெருவில் மட்டும்தான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ரைஸ்மில் சுவர்வரை மஞ்சள் வெயில்; தொட்டியைத் தாண்டி ஓர் எட்டு வைத்தால் இருட்டு, தெருவிளக்கு, கொசு. சைக்கிளில் வருகிறவர்கள் மில் சுவரருகே டைனமோவை எடுத்துவிடவும் தொட்டியருகே மறுபடி போடவும் பழகிக்கொண்டார்கள். அடுத்த தெருக்காரர்கள் நகராட்சியில் மனு கொடுக்கலாமா என்று கூடிப் பேசினார்கள், யார்மேல் கொடுப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். கோழிகள் கூடைக்குள் போவதா வேண்டாமா என்று முதல் சில வாரம் தவித்து, பிறகு அக்கா வீட்டு வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்து, உள்ளே எண்ணெய் ஊற்றுகிற சத்தம் கேட்டதும் எழுந்து போகக் கற்றுக்கொண்டன. மல்லிகை மொட்டு விரியாமல் நிற்கும் என்பதால் பூக்காரம்மா வேறெங்கும் போகாமல் எங்கள் தெருவிலேயே கூடையை இறக்கினாள். நின்றுபோன வெயில் சாய்ந்து விழுந்ததில் எல்லாப் பெண்களும் ஒரு சுற்று அழகாகத் தெரிந்தார்கள், மாப்பிள்ளைகளும்கூடச் சுமாராகத் தெரிந்தார்கள். அதனால் ஊரில் பெண் பார்க்கிற சடங்கெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மாறி, எங்கள் தெருவில் யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டைக் கேட்டு வாங்கி நடக்க ஆரம்பித்தன. அப்படி நிற்கிற நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு குழந்தை பிறந்தபோது, ஜோசியர் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு நட்சத்திரமும் அந்தப் பக்கம் ஒரு நட்சத்திரமும் குறித்து இரண்டு ஜாதகம் எழுதிக் கொடுத்துவிட்டு, "வளந்ததும் எது சரியா வருதோ அத வச்சுக்கங்க" என்றார். எங்கள் அம்மாக்களுக்கும் வெள்ளிக்கிழமைதான் விளக்கு வைக்கிற நாள் என்பதால், பொழுது சாயாமல் எப்படி வைப்பது என்று கொஞ்ச நாள் குழம்பி, கடைசியில் சிப்போரா அக்கா வீட்டில் திரி எரிந்த பிறகே குத்துவிளக்கை ஏற்றினார்கள்.

கஷ்டப்பட்டது காஜா அண்ணன் மட்டும்தான். அவருடையது புரோட்டாக் கடை. இருட்டினால்தான் புரோட்டா என்பது போடியில் எழுதாத சட்டம். வெயிலில் உட்கார்ந்து சால்னா ஊற்றிச் சாப்பிட யாருக்கும் மனம் வராது. வெள்ளிக்கிழமைகளில் அவர் பிசைந்த மாவோடு கடை வாசலில் நின்று மலையையும் அக்கா வீட்டையும் மாறி மாறிப் பார்ப்பார். நோன்பு மாதத்தில் அவருக்கு இன்னும் சங்கடம். கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு தொட்டியைத் தாண்டிப் போய், அங்கே இருட்டில் நின்று நோன்பைத் திறந்துவிட்டு மறுபடி வெயிலுக்குள் வருவார். "யக்கா, எதாச்சும் ஒத்தாச வேணுமா?" என்று அக்காவிடம் மனதாரக் கேட்டது தெருவில் அவர் ஒருவர்தான்.

மற்றவர்களுக்கு அந்த வெளிச்சம் வேண்டியிருந்தது. எல்லாரையும்விட அதிகமாக வேண்டியிருந்தது ஒச்சம்மாளுக்கும் அவளோடு ஏலக்காய் பொறுக்குகிற பெண்களுக்கும். வியாபாரிகள் மூட்டையைக் கொடுத்தனுப்புவார்கள்; பெண்கள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு பச்சைக் காயைத் தனியாக, வெளுத்ததைத் தனியாக, வெடித்ததைத் தனியாகப் பிரிப்பார்கள். பச்சை எது, வெளுப்பு எது என்பது பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். பல்பு வெளிச்சத்தில் எல்லாக் காயும் பச்சையாகத் தெரிந்து, மறுநாள் வியாபாரியிடம் திட்டு வாங்க வைக்கும். வெள்ளிக்கிழமை பொழுது நின்றால் ஒரு மூட்டை அதிகம் பார்க்கலாம். இதைக் கண்டுபிடித்த பிறகு, அக்கா சீக்கிரம் விளக்கு வைத்துவிட்டால் அவர்களுக்கு முகம் வாடிப்போனது, தாமதமாக வைத்தால் அக்காமேல் பிரியம் பொங்கியது. அந்தப் பிரியம் மெல்ல மெல்ல வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே பொங்க ஆரம்பித்தது.

ஒருத்தி சல்லடை இரவல் கேட்டு வந்து, கேரளாவில் சல்லடைக்கு என்ன பேர் என்று விசாரிப்பாள். இன்னொருத்தி வைகை அணை மீன் இரண்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். "செதில் உள்ள மீன்தான் நீங்க திங்கலாமாம்ல. தேடிப் பிடிச்சு வாங்கியாந்தேன்க்கா. பாருங்க, எம்புட்டுச் செதிலு." அக்காவுக்குக் கொடுத்ததை மறுக்கத் தெரியாது, உட்கார்ந்து சீவுவாள். ஒச்சம்மாள் வெறுங்கையோடுதான் வருவாள். வந்து, கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்து, "வெளக்குச் சங்கிலியில ஒரே ஒரு கண்ணி மட்டும் கருப்பா இருக்குக்கா, நான் சும்மா சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தக் கண்ணியைப் புளி போட்டுத் தேய்ப்பாள். அது பளபளத்ததும் பக்கத்துக் கண்ணி மங்கலாகத் தெரியும்.

ஆனால் பெண்கள்மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அக்காவுக்கே ஒரு பழக்கம் விழுந்துவிட்டது. வேலை மிச்சமிருக்கையில் விளக்கு வைப்பது, விருந்தாளியைக் கொல்லை வழியாக உள்ளே கூட்டி வருவதுபோல என்று அவள் சொல்வாள். சூரியன்தான் நிற்கிறதே என்று காலண்டருக்குப் பின்னாலுள்ள சுவரைத் துடைத்தாள். ஜன்னல் கம்பிகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாக உருவினாள். அரிசி டின்னைக் கவிழ்த்துப் பொறுக்கியதையே மறுபடி பொறுக்கினாள். சாரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காது மடிப்பில் இருக்கிற அழுக்கைக் குண்டூசியால் எடுத்தாள். எவ்வளவு செய்தாலும் வீடு இன்னும் கொஞ்சம் கேட்டது, கேட்கிறவரை கொடுக்க நேரமும் இருந்தது.

வெள்ளி நீண்டால் சனி நீளவில்லை என்பதுதான் சங்கடம். சனிக்கிழமை சாயங்காலம் யாருக்காகவும் நிற்கவில்லை. அது வழக்கம்போல வந்து, மூன்று நட்சத்திரத்தையும் வைத்துவிட்டுப் போனது. அக்கா வெள்ளியில் சேர்த்துக்கொண்டதெல்லாம் சனியிலிருந்து எடுத்ததாக இருந்தது. வாரத்தில் அவளும் சாரும் சேர்ந்து உட்காருவது அந்த ஒரு நாள்தான். ஞாயிறு விடிந்தால் அவர் மலைக்குப் போய்விடுவார். முன்பெல்லாம் சனிக்கிழமை முழுவதும் அவர் மலைமேல் கேட்டதையும் பார்த்ததையும் ஒன்றுவிடாமல் சொல்ல, தோட்டத்து மேனேஜரைப் போலவும் அவர் வீட்டு நாயைப் போலவும் நடித்துக் காட்ட, அக்கா சிரிக்கிற சத்தம் தெருமுனைவரை கேட்கும். பிறகு காலையில் கேட்காமல் மத்தியானம் மட்டும் கேட்டது. பிறகு சாயங்காலம் கொஞ்சம் கேட்டது. சிரிப்பு குறைந்துகொண்டே வந்ததை நாங்கள் எல்லாரும் கவனித்தோம், கவனித்ததை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அறுவடை மாதம், ஒவ்வொரு வாசலிலும் இரண்டு மூன்று மூட்டை. பெண்கள் முறை வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி வெளியே வரும்போது இன்னொருத்தி உள்ளே போனாள். மீன் வந்தது, சல்லடை போனது, விளக்குச் சங்கிலி முழுவதும் கழன்று கீழே இறங்கிப் புளித்தண்ணீரில் கிடந்தது. சூரியன் முகட்டில் நின்றது. தொட்டிக்கு அந்தப் பக்கம் இருட்டி, கடைகள் சாத்தி, நாய்கள் குரைத்து, ஊர் தூங்கிப்போனது. இங்கே ஒச்சம்மாள் நாலாவது முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சேவல் கூவியது, பால்காரர் சனிக்கிழமைப் பாலோடு மூலை திரும்பி எங்கள் வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்துக்குள் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊற்றிவிட்டுப் போனார். பேப்பர்காரர் நாளைய செய்தியை வீசிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் சனிக்கிழமைப் பகலும் கழிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் முடியாததால் எந்த வீட்டிலும் ராத்திரிச் சாப்பாடு ஆக்கவில்லை. எல்லாருக்கும் பசித்தது, ஆனால் பொழுது சாயாமல் அடுப்பு மூட்டுவதற்கு ஒரு மாதிரியாக இருந்தது. கைகள் சோர்ந்து, கண்கள் எரிந்து, பச்சையும் வெளுப்பும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் யாரும் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

எலியாகு சார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேசையில் துணி மூடிய ரொட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "இப்ப முடியுமா?" என்று கேட்டார்.

"இப்ப முடியும்," என்றாள் அக்கா சங்கிலியைத் தேய்த்துக்கொண்டே.

அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

கடைசியில் ஒரு வழியாக அவள் சங்கிலியை மாட்டி, குளித்து வந்து, திரியைப் பற்றவைத்து, அவர்கள் வழக்கப்படி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு மந்திரம் சொன்னாள். சூரியன் விட்டால் போதும் என்று இறங்கியது. அக்கா கையை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். அங்கே மூன்று நட்சத்திரம் இருந்தன. ஊரில் அது சனிக்கிழமை இரவு. ஓய்வு நாள் அவள் சங்கிலி தேய்த்துக்கொண்டிருந்தபோதே வந்து, காத்திருந்து, போய்விட்டிருந்தது.

சார் விழித்துக்கொண்டார். நட்சத்திரங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஓய்வு நாள் முடிந்ததும் அவர்கள் சொல்லிக்கொள்கிற வாழ்த்தை மெதுவாகச் சொன்னார்: "நல்ல வாரமாக இருக்கட்டும், சிப்போரா."

விடிந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனார். வாசலில் நின்று அவர் மூலை திரும்புகிறவரை பார்த்துவிட்டு அவள் உள்ளே போனதை ஒச்சம்மாள் எதிர்வீட்டிலிருந்து பார்த்தாள்.

அந்த வாரம் முழுவதும் பெண்கள் நல்லவர்களாக இருந்தார்கள். "வர்ற வெள்ளி நாமளே போயிக் கூடமாட செஞ்சு, வெரசா முடிச்சு விட்டுரணும்" என்று ஒச்சம்மாள் சொன்னாள், உண்மையாகவே சொன்னாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்னாலேயே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். ஒருத்தி பாத்திரம் தேய்த்தாள். அக்கா அவற்றை மறுபடி தேய்த்தாள். ஒருத்தி பாலுக்கு வைத்திருந்த கரண்டியை இறைச்சிச் சட்டிப் பக்கம் கொண்டுபோனாள். அக்கா அதைப் பிடுங்கி, அவர்கள் வீட்டில் பாலுக்கு வேறு பாத்திரம், இறைச்சிக்கு வேறு பாத்திரம் என்று கதையை ஆதியிலிருந்து சொன்னாள். ஒச்சம்மாள் பரண்மேல் ஏறி, யாரும் கேட்காமலே அங்கிருந்த பித்தளைச் சாமான்களையெல்லாம் கீழே இறக்கி வைத்துவிட்டு, "இதுகளப் பாருங்கக்கா, பச்சை பூத்துப்போயி" என்றாள். கூட நாலு கை வந்ததும் வேலை எட்டு மடங்கானது. கடைசியில் அக்கா, "நீங்க போயி உங்க காயப் பாருங்க, நான் முடிச்சுக்கறேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டு, வாளியும் துணியுமாகக் கூடத்தைக் கழுவ உட்கார்ந்தாள்.

அப்போது காஜா அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். கடை மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு வந்திருந்தார். குடத்தை வாசலில் இறக்கிவிட்டு, கேட்கலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"யக்கா, கோச்சுக்காதீங்க. உங்க ஊர்ல சூரியன் நிக்காதுன்னு சொன்னீங்கள்ல. அங்க எப்படி எல்லா வேலையையும் முடிப்பீங்க?"

"எங்க முடிச்சேன்," என்றாள் அக்கா துணியைப் பிழிந்துகொண்டே. "ஒரு வெள்ளிகூட முடிச்சதில்ல காஜா. பொழுது போயிரும். அப்படியே போட்டுட்டுக் கையக் கழுவிட்டு வெளக்க வச்சுருவேன். மிச்சம் என்ன இருந்தாலும் முடிஞ்சதா வெச்சுக்கணும். அதான் எங்க சட்டமே."

சொல்லிவிட்டு அவள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள்.

"என்னக்கா?" என்றார் காஜா அண்ணன்.

"ஒண்ணுமில்ல. அங்க சூரியன் என்னை நிறுத்தும். இங்க அதுவும் என்கூட நின்னுருது. பாவம், அதுக்குத் தெரியாது."

அந்த நேரத்தில் எலியாகு சார் பஸ்ஸிலிருந்து இறங்கி, தூசி படிந்த சட்டையோடு, தோளில் பையோடு வாசலில் வந்து நின்றார். கூடத்தில் பாதித் தரை ஈரமாகவும் பாதித் தரை காய்ந்தும் இருந்தது. ஒரு ரொட்டி சுட்டிருந்தது, இன்னொன்று மாவாகவே துணிக்கடியில் பொங்கிக்கொண்டிருந்தது. மீனில் ஒரு பக்கம் செதில் போயிருந்தது. பித்தளைச் சாமான்கள் சுவரோரம் பச்சை பூத்து நின்றன. அக்கா வாளியை இருந்த இடத்திலேயே விட்டாள். சனிக்கிழமைப் பானையின் மூடியைச் சுற்றி மாவை அப்பித் தணலில் வைத்தாள். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சட்டைகூட மாத்தல நான்," என்றார் சார்.

"மாத்திட்டதா வெச்சுக்கங்க," என்று சொல்லி அவள் திரியைப் பற்றவைத்தாள்.

முகட்டுக்கு இன்னும் ஒரு சாண் தள்ளியே இருந்த சூரியன், கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவனைப் போல ஒரே மூச்சில் கீழே போனது. தெரு முழுவதும் சட்டென்று இருட்டியது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண் காப்பித் தட்டோடு வாசற்படியில் இருக்கும்போதே இருட்டில் மாட்டி, காப்பியை மாப்பிள்ளையின் சித்தப்பா மடியில் வாங்கிக்கொண்டார்கள். மிளகாய் காயப் போட்டவர்கள் கையால் தடவித் தடவி அள்ளினார்கள். டெய்லர் ஒரு கை வைத்த ஜாக்கெட்டோடு நின்றார். அது வெளிச்சத்தையே நம்பியிருந்த தெரு. சாதாரண நாளில் வருகிற இருட்டுக்குக்கூட அன்றைக்கு யாரும் தயாராக இல்லை. காஜா அண்ணனின் கடையில் மட்டும் ட்யூப்லைட் எரிந்து, தோசைக்கல்மேல் முதல் புரோட்டா விழுகிற சத்தம் கேட்டது.

ஒச்சம்மாள் பாதி பொறுக்கிய முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குள் வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கூடத்தில் கண்ணாடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் அக்கா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சார், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, அதே தூசிச் சட்டையோடு.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க," என்றாள் ஒச்சம்மாள்.

"முடிஞ்சுபோச்சு ஒச்சம்மா."

"எங்கிட்டு முடிஞ்சுச்சு? பாதி வீடு அப்படியே கெடக்கு. மீனு அந்தா பாதியில கெடக்கு."

"முடிஞ்சதா வெச்சாச்சு."

"அப்படி வெச்சா முடிஞ்சுருமா?"

"இல்லன்னா முடியவே முடியாது. போன வாரம் பாத்தல்ல?"

ஒச்சம்மாள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "அந்த வாளியையாச்சும் எடுத்து ஓரமா வைக்கவா? குறுக்க நிக்குது" என்றாள்.

"வைன்னு நான் சொல்லக் கூடாது, ஓய்வு நாள்ல ஏவுறதும் வேலதான். வேண்டாம்னு வேணா சொல்றேன். அதுவும் இன்னைக்கு ஒரு நாள் சும்மா நிக்கட்டும்."

ஒச்சம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அதிலிருந்த காய்கள் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. பழக்கத்தில் அவள் விரல்கள் ஒரு காயை எடுத்து, திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் போடுவதென்று தெரியாமல் திரும்ப அதே இடத்தில் போட்டன. அவள் தரையின் காய்ந்த பாதியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள், இடம் போதாமல் இரண்டு பேர் ஈரத்திலேயே உட்கார்ந்தார்கள். சார் கிண்ணத்தைப் பிடித்து மந்திரம் சொல்லி, இருந்த ஒற்றை ரொட்டியைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தார். பிறகு யாரும் கேட்காமலே, அந்த வாரம் மலைமேல் ஒரு தோட்டத்து மேனேஜர் ஜீப்புக்குள் கரடி இருப்பதாக ஊரைக் கூட்டி, கடைசியில் அது அவர் மாமியார் போர்த்திக்கொண்டு தூங்கிய கருப்புக் கம்பளி என்று தெரிந்த கதையை, மேனேஜராகவும் மாமியாராகவும் மாறி மாறிச் சொல்ல ஆரம்பித்தார்.

பாதிக் கதையில் வாசலில் ஒரு குரல் கேட்டது. ஒச்சம்மாளின் வீட்டுக்காரர் மொக்கச்சாமி, ஏலக்காய் கோடவுனில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவர், வீட்டில் அடுப்பு மூட்டாததைக் கண்டு இருட்டில் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏ ஒச்சு, சோறு ஆக்கலையா?"

"ஆக்குனதா வெச்சுக்க," என்றாள் ஒச்சம்மாள் திரும்பிப் பார்க்காமல்.

மொக்கச்சாமி நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கொழம்பு?"

"அதும் வெச்சதா வெச்சுக்க."

"அப்ப நான் சாப்புட்டேனா?"

"சாப்புட்ட. பேசாம உள்ள வந்து உக்காரு, கத போயிக்கிட்டு இருக்கு."

மொக்கச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூடத்தின் நடுவில் நின்ற வாளியில் கால் தட்டித் தண்ணீர் சிந்தியது. அது தரையில் மெல்ல ஓடி, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் தொட்டுக்கொண்டு வாசலை நோக்கிப் போனது. யாரும் துடைக்க எழுந்திருக்கவில்லை.